நால்வரில் சுருதி விட்டது யார்

சென்ற மாதம் எங்கள் பங்கின் பாடகர் குழு ஒத்திகையில் ஒரு பிள்ளை தன் கைப்பேசியை என் வாய்க்கு முன்னால் நீட்டிப் பிடித்தது. பாடினால் அதில் ஒரு முள் ஆடுகிறது. சுருதி சரியென்றால் பச்சை, இறங்கினால் சிவப்பு. நான் ஓர் அடிக்குரலை எடுத்துவிட்டேன். முள் பச்சையில் நின்றது. "அங்கிள், இது இல்லாத காலத்திலை சுருதி விட்டா உங்களுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டது. கேட்டதோடு நில்லாமல், அதையே இந்த வருட மலருக்கு எழுதித் தரும்படியும் சொல்லிவிட்டது. நான் முன்பு பாடிய குழுவில் சுருதி விட்டால் ஒருவர் விரலைத் தூக்கிக் காட்டுவார். அவர் விரலைத் தூக்காமல் விட்ட ஏழு மாதங்களைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன். மற்ற முப்பது வருடமும் அதற்கு முன்னுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மொன்றியலில் ஒரு டூ-வொப் குழுவில் அடிக்குரல் பாடியவன். இதைச் சொன்னால் நம் சனத்தில் பாதிப் பேருக்கு விளங்காது, விளங்கிய பாதி சிரிக்கும். டூ-வொப் என்பது அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் கறுப்பின இளைஞர்கள் வாயையே வாத்தியமாக்கிப் பாடிய பாட்டு. ஒருவர் முன்னால் நின்று சொற்களைப் பாடுவார். மற்றவர்கள் பின்னால் நின்று "டூ, வொப், ஷா-லா" என்று பொருளில்லாத அசைகளைச் சுருதியோடு அடுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒருவன் "டூம், டூம்" என்று நிற்பான். அந்த டூம் நான்தான்.

முப்பது வருடம் ஆங்கிலப் பாட்டுப் பாடியும் மேடையில் என் வாயிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்கள் பத்துக்கு மேல் இராது. என் மனைவி பிலோமினாவின் தம்பி ரொறன்ரோவிலிருந்து வந்து எங்கள் நிகழ்ச்சியை முழுவதும் பார்த்துவிட்டு, "அத்தான், நீங்கள் எப்ப பாடத் தொடங்குவியள் எண்டு கடைசிமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றான். அன்று பிலோமினாவுக்கு வந்த கோபம் தம்பி மேலா என் மேலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் பயிற்சிக் காலத்தைச் சொல்ல இரண்டு வரி போதும். மன்னாரில் கோவில் பாடகர் குழுவில் பதினைந்து வயதில் எனக்குக் குரல் உடைந்தது. உடைந்த குரல் நேரே கிணற்றடிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் அகதியாக இங்கே வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிழக்குப் பகுதியில் ஒரு பண்டகசாலையில் கொண்டெய்னர் இறக்கும் வேலையில் சேர்ந்தேன். வெறுமையான நாற்பதடிக் கொண்டெய்னரைக் கூட்டும்போது நான் உள்ளே முனகிக்கொண்டு கூட்டுவேன். அந்த இரும்புப் பெட்டி என் குரலை இரண்டு மடங்காக்கித் திருப்பித் தரும். இலவசமாகக் கிடைத்த ஒலிபெருக்கி.

ஒருநாள் வாசலில் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று வந்து நின்று இயந்திரம் அணைந்தது. ஓட்டி வந்தவன் காஸ்தோன் என்ற கியூபெக்காரன். இன்னும் கீழே போக முடியுமா என்று கேட்டான். போனேன். இன்னும் என்றான். இன்னும் போனேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிடு என்று ஒரு விலாசத்தை எழுதித் தந்தான். அவன் என்னத்துக்குக் கேட்டான் என்று எனக்கு விளங்கவேயில்லை. மேலதிக வேலை கிடைக்கப்போகிறது என்று நினைத்து, இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்தோடு போய் இறங்கினேன்.

அது லிட்டில் பர்கண்டி என்ற பகுதியில் ஒரு பழைய தேவாலயத்தின் நிலவறை. அங்கேதான் மிஸ்டர் எல்வுட்டை முதலில் கண்டேன். உயரமான, ஒல்லியான கறுப்பு மனிதர். இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்து, பாடசாலை ஒன்றில் பராமரிப்பாளராக இருந்தார். சேட்டில் ஒரு சுருக்கம் இராது. குழுவின் தலைவரும் அவர்தான், முன்குரலும் அவர்தான். மேல்குரல் பாடியவன் ஃபிரிட்ஸ், ஹெயிட்டியிலிருந்து வந்த டாக்ஸிக்காரன். நடுக்குரல் காஸ்தோன். அவர்களுடைய அடிக்குரல்காரர் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்து போய்விட்டிருந்தார். குழுவின் பெயர் 'கனால் ஃபோர்'. நாலு பேர் என்று பெயரை வைத்துவிட்டு மூன்று பேராக நின்றுகொண்டிருந்தார்கள்.

எல்வுட் என்னைப் பாடச் சொல்லவில்லை. சேட்டுப் பையிலிருந்து வட்டமான, பிஸ்கற் அளவான ஒரு சிறு குழலை எடுத்து ஒரு சுரத்தை ஊதினார். அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நில் என்றார். நான் பிடித்தேன். மற்ற மூவரும் அதன் மேல் ஒரு பாட்டை முழுதாகப் பாடினார்கள். மூச்சு முடிந்த இடத்தில் மூச்செடுத்து, மறுபடியும் அதே சுரத்தில் நான் வந்து நின்றேன். பாட்டு முடிந்ததும் அவர் குழலை மறுபடி ஊதினார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார். அடுத்த கிழமை வேறு சப்பாத்துப் போட்டு வா என்றார். என்னைச் சேர்த்துக்கொண்டதாக அவர் சொன்னது அவ்வளவுதான். புகழ்ச்சி அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பிழை சொல்லியும் கேட்டதில்லை.

பிழை சொல்ல அவருக்கு வாய் தேவைப்படவில்லை. வாத்தியம் இல்லாமல் பாடும்போது எல்லாக் குரலும் மெல்ல மெல்லக் கீழே வழுக்கும். களைத்தவன் சுவரில் சாய்வது போலத்தான் அது. பாடுகிறவனுக்கே தெரியாது. அதனால் ஒத்திகையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் ஒருமுறை குழலை ஊதுவார், பாட்டு முடிந்ததும் எல்லோரையும் அமைதியாக நிற்கவிட்டு மறுபடியும் அதே சுரத்தை ஊதுவார். நாங்கள் நின்ற இடமும் குழல் நின்ற இடமும் ஒன்றானால் அடுத்த பாட்டு. அரைச் சுரம் இறங்கியிருந்தால் ஒரு விரலைத் தூக்குவார். முழுச் சுரம் என்றால் இரண்டு விரல். யார் இறங்கினார்கள் என்று சொல்லமாட்டார். இறங்கியவனுக்கு அது தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

மற்ற ஒழுங்குகளும் உண்டு. தோளோடு தோள் முட்டித்தான் நிற்கவேண்டும், அப்போதுதான் பக்கத்தில் நிற்பவன் மூச்செடுப்பது தெரியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்செடுக்கக்கூடாது. பாடுவதற்கு முன் பால் குடிக்கக்கூடாது. நாலு பேருக்கும் மெரூன் நிறக் கோட்டு. என்னுடையது முந்திய அடிக்குரல்காரருடையது. அதற்குள் என்னைப்போல் இரண்டு பேர் போகலாம். பிலோமினா அதைப் பிரித்துப் பிடித்துத் தைத்த பிறகும் தோள் மட்டும் கடைசிவரை பெரிதாகவே இருந்தது.

வார நாட்களில் கொண்டெய்னர், சனிக்கிழமை காலை ஒத்திகை, பின்னேரம் நிகழ்ச்சி. கலியாண மண்டபங்கள், முதியோர் இல்லங்கள், ஹோட்டல் விருந்துகள், கோடையில் பூங்காக்கள். நம் கோவில் சனம் என்னை 'டூம் பத்திநாதன்' என்றே கூப்பிடத் தொடங்கியது. ஞானஸ்நானப் பெயரைவிட அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஒரு கலியாணத்தில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எல்வுட்டுக்கு அன்று கடும் காய்ச்சல். இரண்டாம் அடியை அவர் ஒரு முழுச் சுரம் கீழே எடுத்துவிட்டார். மேடையில் அது மாடிப்படியில் கால் தவறுவதற்குச் சமம். என்ன செய்கிறோம் என்று யோசிக்க நேரமில்லை. ஓர் அசைக்குள் நாங்கள் மூவரும் அவரோடு இறங்கிவிட்டோம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடிக்கொண்டேயிருந்தார்கள், மண்டபம் கை தட்டியது. உடை மாற்றும் அறையில் ஃபிரிட்ஸ் அதைக் கிளறப் போனான். எல்வுட் அவனைக் கையால் நிறுத்தினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில்தான் எழுதமுடியும்: "ஒருத்தன் தனிய விழுந்தாத்தான் பிழை. நாலுபேரும் சேந்து விழுந்தா அது பாட்டு." பிறகு காய்ச்சல் குளிசையைப் போட்டுக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

இப்படியே வருடங்கள் போயின. காஸ்தோனுக்குத் தலை வெளுத்தது, ஃபிரிட்ஸ் பேரப்பிள்ளை கண்டான், எல்வுட் எண்பதைத் தொட்டார். நான் பண்டகசாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதே வருடம் பிலோமினாவும் கார்தெறி என்று இங்கே சொல்லும் பிள்ளைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் பார்த்த வேலையை விட்டாள். புறநகரில், பியர்பொன்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டு இருந்தது நல்லதாகப் போயிற்று என்று இருவருமே நினைத்தோம், சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் அது தொடங்கியது. எங்கள் பாட்டு ஒன்றில் கடைசி வரியில் என் குரல் படிப்படியாக இறங்கி, என்னால் தொடக்கூடிய ஆகக் கீழான சுரத்தில் போய் முடியும். இருபத்தைந்து வருடமாகத் தொட்ட இடம். ஒரு சனிக்கிழமை அந்த இடத்தில் குரல் தரை தட்டியது. சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. சளி, தடிமன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து எல்வுட்டுடையதைப் போல நானும் வாங்கி வைத்திருந்த குழலை ஊதி அதே சுரத்தைத் தனியே எடுத்துப் பார்த்தேன், சுலபமாகத் தொட்டது. அடுத்த சனிக்கிழமை குழுவோடு பாடினேன், மறுபடியும் தரை தட்டியது. இதற்கு அர்த்தம் ஒன்றுதான். பாட்டு முடிவதற்குள் முழுக்குழுவும் அரைச் சுரம் கீழே போய்விடுகிறது. காது சொல்லாததைத் தொண்டை சொல்லிவிட்டது.

அப்போதுதான் இன்னொன்று எனக்கு உறைத்தது. எல்வுட் பாட்டுக்கு முன் குழலை ஊதுகிறார், முடிந்தபின் ஊதுவதில்லை. எப்போது நிறுத்தினார் என்று யோசித்தேன். குளிர் தொடங்கியபின் ஒருமுறையும் அவர் ஊதியதாக நினைவில்லை. விரலும் எழும்பவில்லை. எனக்குக் கணக்குச் சரியாக வந்தது. எண்பது வயது மனிதருக்குக் காது போகிறது, அவர் இறங்குகிறார், அவரோடு நாங்களும் இறங்குகிறோம். அது வெளியே தெரிந்துவிடும் என்று கடைசி ஊதலை நிறுத்திவிட்டார்.

மற்ற இருவருக்கும் இது தெரியும் என்பதும் எனக்கு விளங்கியது. பாட்டு முடியும்போது ஃபிரிட்ஸ் என்னைப் பார்த்து மெல்லச் சிரிப்பான். பாவம் கிழவர் என்கிறான் என்று எண்ணி நானும் துக்கத்தோடு சிரித்து வைப்பேன். காஸ்தோன் என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போவான். நானும் அவன் தோளில் தட்டுவேன். நாலு பேருக்கு நடுவில் இவ்வளவு நல்ல மனம் இருக்கிறதே என்று நான் பெருமைப்பட்டதும் உண்டு. எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

அதை அப்படியே மூடி வைத்திருக்கலாம். வாத்தியம் இல்லாத குழு அரைச் சுரம் இறங்கினால் கேட்பவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சித்திரை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆவணியில் நதிக்கரையில் ஒரு பெரிய நிகழ்ச்சி, பியானோவும் சிறு வாத்தியக் குழுவும் எங்களோடு சேர்ந்து வாசிக்கும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் முப்பது வருடத்தில் அப்படி ஒரு மேடை வந்ததில்லை. பியானோ யாருக்காகவும் கீழே இறங்காது. அது நின்ற இடத்தில் நிற்கும், நாங்கள் சரிந்தது ஊருக்கே தெரியும். எல்வுட் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்றார். பதில் கொடுக்க ஒரு மாதத் தவணை இருந்தது.

மூன்று கிழமை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்குச் சொன்னால் அவரைக் கொன்ற மாதிரி, சொல்லாவிட்டால் அந்த மேடை கொல்லும். பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்கவேண்டி வந்தது என்று அவள் பின்னால் சொன்னாள், நான் அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனேனாம். கடைசியில் அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மனிசன் அவ்வளவு சனத்துக்கு முன்னாலை போய் நிண்டு அவமானப்படவேணுமோ? நீங்கள் சொல்லாட்டி ஆர் சொல்லுறது?"

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் எடுத்து, பிறகு மெற்றோ எடுத்துப் போனேன். வழி முழுக்க வசனத்தை மனதில் அடுக்கினேன். 'நீங்கள் எங்களுக்குச் செய்ததை மறக்கமாட்டோம்' என்று தொடங்குவதாக ஏற்பாடு. மெற்றோ இறங்குமுன் அது மரணச் சடங்குப் பேச்சு மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். எல்வுட் தனியே இருந்தார், மனைவி காலமாகிச் சில வருடம். என்னைக் குசினி மேசையில் இருத்தித் தேத்தண்ணீர் ஊற்றினார். நான் ஒரு வாய் குடிக்கவில்லை. அப்படியே போட்டு உடைத்தேன். பாட்டுகள் இறங்குகின்றன, குளிர்காலம் தொடக்கம் இறங்குகின்றன, நீங்களும் ஊதுவதை நிறுத்திவிட்டீர்கள், பியானோவோடு இது முடியாது என்றேன். காதைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். எண்பது வயதில் இது வெட்கமில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கடைசி வசனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சேட்டுப் பையிலிருந்து குழலை எடுத்து ஊதிவிட்டு, கண்ணை மூடி, அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை தனியே பாடினார். அடியில் தாங்க நானும் இல்லை, யாரும் இல்லை. முடித்துவிட்டுக் குழலை என் கையில் வைத்து, ஊது என்றார். ஊதினேன். அவர் முடித்த இடமும் குழலும் ஒன்று. ஒரு நூல் அசையவில்லை.

"இனி நீ" என்றார்.

நான் என் பங்கைத் தனியே பாடினேன். மூன்று நிமிடம், டூம் டூம் என்று அந்தச் சிறிய குசினியில். அடுப்புக்கு மேலே இருந்த மூடிகள் அதிர்ந்தன. என் காதில் என் குரல் மலை மாதிரி நின்றது. முடிந்ததும் மறுபடியும் ஊதச் சொன்னார். குழல் என் உதட்டில் இருந்ததால் அந்தச் சுரம் பல்லின் வழியே நேரே தலைக்குள் ஏறியது. என் குரல் அதற்குக் கீழே நின்றது. அரைச் சுரம். எல்வுட் விரலைத் தூக்கவில்லை. நானேதான் என் விரலைத் தூக்கினேன்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பனி விழத் தொடங்கின நாள் தொட்டு என்றார். மற்ற இருவருக்கும் தெரியுமா என்றேன். முதல் கிழமையே தெரியும் என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, கரண்டிகளுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தார். சம்மதம் என்று கையெழுத்து வைக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த மேடை வேண்டாம் என்று மூவரும் பேசி முடிவெடுத்து விட்டார்களாம். எனக்கு என்ன சாட்டுச் சொல்வது என்றுதான் இன்னும் முடிவாகவில்லையாம்.

எனக்குக் கோபம் வந்தது. நான் கோபக்காரன்தான், அதை மறைக்கவில்லை. உங்களை யார் கேட்டது, ஏன் எனக்கு ஒரு விரலைக் காட்டவில்லை என்று கத்தினேன்.

"காட்டியிருந்தா நீ அடுத்த சனிக்கிழமை வந்திருக்கமாட்டாய், பாட்" என்றார். பத்திநாதன் அவர் வாயில் எப்போதும் பாட்தான். "உன்னை எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது உண்மை. அந்த விரலைக் கண்டிருந்தால் நான் கோட்டை மடித்து வைத்துவிட்டு, பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன், மறுபடி ஒருவர் முகத்திலும் விழித்திருக்கமாட்டேன்.

திரும்பி வரும் வழியில் மனதில் முதலில் வந்தது என்ன என்பதை உள்ளபடியே எழுதுகிறேன். ஆறுதல்தான் வந்தது. அந்த மனிதருக்கு ஒன்றுமில்லை. நான் மாதக்கணக்காக அவருக்காகத் தின்ற கவலையெல்லாம் வீண் கவலை. இரண்டு தரிப்பு போன பிறகுதான் மற்றது வந்தது. என் காது போய்விட்டது. காது போன அடிக்குரல்காரன் கொண்டெய்னர் கூட்டலாம், அந்த வேலையும் இப்போது இல்லை. அவர்கள் என்னை வைத்துக்கொண்டால் பெரிய மேடை போகும், நான் விலகினால் என் வாழ்வில் மிஞ்சியிருந்த ஒன்று போகும். விலகுவது என்று பஸ்ஸில் வைத்தே முடிவெடுத்தேன்.

பிலோமினா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, விலகுவதை நாளை மறுநாள் செய்யலாம், நாளைக்கு டொக்டரிடம் போவோம் என்றாள். கோட்-டெ-நெய்ஜில் ஒரு கிளினிக்கில் காலை தொடக்கம் மத்தியானம் வரை கதிரையில் இருந்தோம். கடைசியில் எங்களைக் கூப்பிட்ட நேர்ஸ் பிள்ளை தமிழ்ப் பிள்ளை, யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்தது. ஒரு விளக்கை என் காதுக்குள் விட்டுப் பார்த்தது. மற்றக் காதைப் பார்த்தது. மறுபடி முதல் காதுக்கு வந்தது.

"அங்கிள், காதுக்கு என்ன விடுறனீங்கள்?"

இங்கே ஒரு வீட்டு இரகசியத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. நல்லெண்ணெயில் உள்ளியைத் தட்டிப் போட்டு இளஞ்சூடாக்கி, காதுக்கு இரண்டு துளி விட்டுப் பஞ்சால் அடைப்பது எங்கள் வழக்கம். குளிர் ஏறாது, தொண்டைக்கும் நல்லது என்பார்கள். பாடுகிறவனின் மனைவி என்பதால் பிலோமினா அதில் கவனம். இரண்டு பேரும் வேலைக்குப் போன காலத்தில் எப்போதாவது ஒருநாள் நடந்த விசயம், ஓய்வு பெற்றபின் ஒருநாள் தவறாமல் நடந்தது. அவளுக்கும் நேரம் இருந்தது, எனக்கும் இரண்டு காது இருந்தது. நேர்ஸ் கேட்ட கேள்விக்கு நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த தடுப்பூசி அறிவித்தலைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பீச்சிப் பீச்சி அந்தப் பிள்ளை அரைமணி நேரம் பாடுபட்டது. வலக் காதிலிருந்து குறும்பி புளியங்கொட்டை அளவில் வந்து விழுந்தது. இடக் காதிலிருந்து அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. அதற்குள் கறுத்துப்போன ஒரு பஞ்சுத் துண்டு. எந்த மாதத்துப் பஞ்சோ தெரியாது. டொக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். காது அடைத்திருந்தால் வெளிச் சத்தம் மங்கும், தன் குரல் மட்டும் மண்டைக்குள் பெரிதாக முழங்கும், மற்றவர்களைக் கேட்டுத் திருத்த வழியிராது என்று விளக்கினார். வயதுக்கு ஏற்ற காது, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார்.

"இப்ப கேக்குதோ அங்கிள்?"

"கத்தாதேங்கோ பிள்ளை."

"நான் மெல்லத்தான் கதைக்கிறன்" என்றது அது.

வெளியே வந்தால் உலகம் ஒரே இரைச்சல். பஸ்ஸின் கதவு மூச்சு விட்டது, யாரோ ஒருவருடைய சாவிக்கொத்து கலகலத்தது, மரத்தில் இருந்த குருவிகள் எல்லாம் என்னைத்தான் திட்டின. நான் நடைபாதையில் நின்று சிரித்தேன். பிலோமினாவுக்கு அழுகை வந்துவிட்டது. உங்கட பாட்டை நானல்லோ கெடுத்தனான் என்றாள். ஒரு கிழவரைக் குற்றவாளியாக்கப் போன எனக்கு அவளைக் குறை சொல்ல என்ன தகுதி? எண்ணெய் நல்ல எண்ணெய்தான், கொஞ்சம் கூடிவிட்டது என்றேன். அன்று எங்களுக்கு இருந்த சந்தோசத்துக்கு அங்கேயே ஒரு கடையில் புகுந்து கொத்துரொட்டி சாப்பிட்டோம்.

எல்வுட்டுக்குத் தொலைபேசி எடுத்து எண்ணெயையும் உள்ளியையும் பஞ்சையும் விளக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. மறுபக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. முப்பது வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்து முடித்து, பேனை எங்கே வைத்தேன் என்று தேடத் தொடங்கினார். தவணைக்கு நாலு நாள் மிச்சமிருந்தது.

ஆவணியில் நதிக்கரையில் பாடினோம். பியானோக்காரி மெல்லிய பெண், நாங்கள் விடுகிற இடத்தில் அவள் தொடுவாள். கடைசி வரியில் நான் படி இறங்கி ஆகக் கீழே போய் நின்றபோது, அவளும் அதே சுரத்தை இடது கையால் அழுத்தினாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. சனம் எழுந்து நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் பாடினோம். ஃபிரிட்ஸ் மகளோடு இருக்க ஒட்டாவாவுக்குப் போனபோது நாலு பேரும் கை குலுக்கி நிறுத்திக்கொண்டோம். யாரும் துரத்தவில்லை, யாரும் விழவில்லை. ஒரு வேலையை அப்படி முடிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

காஸ்தோன் ஒத்திகைகளையெல்லாம் ஒலிப்பதிவு செய்து வைப்பவன். பிரியும்போது ஆளுக்கு ஒன்றாக எல்லாவற்றையும் பதிந்து தந்தான். நான் அதை ஒரு வருடம் தொடவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒரு மழை நாள், பிலோமினா குசினியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருக்க, அந்தக் குளிர்காலத்து ஒத்திகை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். நான் எவ்வளவு மோசமாகப் பாடினேன் என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போட்டேன்.

முதல் அடி சரியாகத்தான் போகிறது. இரண்டாம் அடியின் தொடக்கத்தில் என் டூம் தளர்கிறது. ஒரு நூல்தான், ஆனால் எனக்குக் கேட்டது. இப்போது மற்றக் குரல்களோடு அது உரசும் என்று காத்திருந்தேன். உரசவில்லை. மேலே இருந்த ஃபிரிட்ஸ், அடுத்த மூச்சை எடுத்துக்கொண்டு, என் பக்கம் மெல்ல இறங்கி வருகிறான். அவனுக்குப் பின்னால் காஸ்தோன் வருகிறான். கடைசியாக எல்வுட், ஒரு சொல்லின் நடுவில் இருந்தவர், அந்தச் சொல் உடையாமல் அதைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்கிறார். நாலும் ஒன்றாகிறது. அதற்குள் நான் இன்னொரு நூல் சரிகிறேன். மூன்று பேரும் மறுபடி வருகிறார்கள். சரியான சுரம் எது என்று காதில் தெளிவாகக் கேட்டுக்கொண்டே அதை விட்டு இறங்குவது பாடுகிறவனுக்கு எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஏழு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், மூன்று பேர் அதைச் செய்திருக்கிறார்கள். அவர்களோடு இறங்கியவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பூசணிக்காயின் மேல் பழி போடவும் வழியில்லை.

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"இதிலை ஆர் பிழையாப் பாடினது?"

"நான்."

"எனக்கு ஒரு பிழையும் கேக்கேல்லையே."

"ஓம், பிலோ" என்றேன். "கேக்காது."